வளைவில்லாத லென்சு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

சென்ற பருவச் செய்முறைத் தேர்வில், நிறமாலைமானியின் மேடையில் கீற்றணியைப் பொருத்திவிட்டு நின்ற என்னிடம், வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒரு கேள்வி கேட்டார். "வளைவே இல்லாத தட்டையான கண்ணாடித் தகட்டினால் ஒளியை ஒரு புள்ளியில் குவிக்க முடியுமா?"

"முடியாது, ஐயா" என்றேன். லென்சு என்றால் பரப்பு வளைந்திருக்க வேண்டும் என்பதுதானே நாம் பள்ளியிலிருந்து படித்து வருவது! அவர் மேடைமேல் இருந்த கீற்றணியைக் காட்டி, "இது ஒளியைத் திருப்புகிறதே, இதில் வளைவு எங்கே இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு அடுத்த மாணவரிடம் போய்விட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடி நூலகத்தில் அமர்ந்தபோது நான் கற்றவற்றையே இங்கு எழுதுகிறேன்.

ஹோலோகிராம் என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது வங்கி அட்டையில் வானவில் நிறங்களில் மின்னும் சிறு சில்லுதான். முப்பரிமாணப் படம் காட்டும் வித்தை என்ற அளவில் அதை வியந்துவிட்டு விட்டுவிடுகிறோம். ஆனால் ஹோலோகிராமுக்கு வேறொரு பிழைப்பும் உண்டு. அது லென்சாகவும், ஆடியாகவும், முப்பட்டகமாகவும் வேலை செய்யும். அவ்வாறு வேலை செய்பவற்றை ஹோலோகிராம் ஒளியியல் உறுப்புகள் என்கிறோம். இவற்றின் வரலாற்றைப் படிக்கும்போது ஓர் உண்மை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. எது இவற்றின் பெருங்குறை என்று ஒதுக்கப்பட்டதோ, அதுவே பின்னர் இவற்றின் பெரும்பயனாக மாறியிருக்கிறது.

காபரின் கருத்து

ஒளி ஓர் அலை. அலைக்கு வீச்சும் உண்டு, கட்டமும் உண்டு. ஒளிப்படத் தகடோ அதன்மேல் விழும் ஒளியின் செறிவை மட்டுமே பதிவு செய்கிறது. அலை எந்தக் கட்டத்தில் வந்து சேர்ந்தது என்ற செய்தி அதில் அழிந்துவிடுகிறது. பொருளின் ஆழத்தைச் சொல்லும் செய்தி அந்தக் கட்டத்தில்தான் அடங்கியிருக்கிறது. ஆகவேதான் சாதாரண ஒளிப்படம் தட்டையாக இருக்கிறது.

ஹங்கேரியில் 1900இல் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய டென்னிஸ் காபர், ரக்பி நகரிலுள்ள பிரிட்டிஷ் தாம்சன்-ஹூஸ்டன் நிறுவனத்தில் பணியாற்றி வந்தார். எலக்ட்ரான் நுண்ணோக்கியின் லென்சுகளில் இருந்த கோளப் பிறழ்ச்சியை எவ்வாறு வெல்வது என்பதே அவருடைய கவலை. 1947ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையின்போது அவருக்கு ஒரு வழி தோன்றியது. பொருளிலிருந்து வரும் அலையோடு, ஒழுங்கான மற்றொரு அலையையும் கலந்து தகட்டில் விழச் செய்தால் என்ன?

குளத்தில் இரண்டு கற்களை அருகருகே எறிந்தால் வளையங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஒரு கோலத்தை உண்டாக்கும். அந்தக் கோலத்தின் வரிகள் எங்கே நெருங்கியும் எங்கே விலகியும் இருக்கின்றன என்பதிலிருந்து கற்கள் விழுந்த இடத்தைக் கணித்துவிடலாம். அதுபோலவே இரண்டு ஒளியலைகளின் குறுக்கீட்டு வரிகளில் கட்டத்தைப் பற்றிய செய்தி ஒளிந்திருக்கிறது. தகட்டைக் கழுவி, ஒழுங்கான அலையை மட்டும் மீண்டும் அதன்மேல் செலுத்தினால், விளிம்பு விளைவினால் பொருளின் அலை அப்படியே உயிர்பெற்று எழுகிறது. இசைத்தட்டின் பள்ளங்களில் பாடகரின் முகம் தெரியாது. ஊசியை வைத்தால் குரல் எழும். ஹோலோகிராமும் அத்தகையதே. 'முழுமை' என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து காபர் இதற்குப் பெயரிட்டு, 1948இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்.

கருத்து சிறந்தது, ஆனால் காலம் கனியவில்லை. பாதரச விளக்கின் ஒளி போதிய அளவுக்கு ஓரியல் தன்மை உடையதன்று. மேலும் உண்மைப் பிம்பமும் மாயப் பிம்பமும் ஒரே நேர்கோட்டில் அமைந்து ஒன்றையொன்று மறைத்தன. 1960ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் தியடோர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எம்மெட் லீத்தும் ஜூரிஸ் உபட்னீக்ஸும் சான்றுக் கற்றையைச் சாய்வாகச் செலுத்தி இரு பிம்பங்களையும் பிரிக்கும் முறையை 1962இல் வெளியிட்டனர். பின்னர் லேசரைக் கொண்டு முப்பரிமாணப் பொருள்களையும் பதிந்து காட்டினர். அதே 1962இல் லெனின்கிராடில் யூரி டெனிசியூக் இரு கற்றைகளையும் தகட்டின் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து செலுத்தும் எதிரொளிப்பு ஹோலோகிராமை அறிவித்தார். காபருக்கு 1971இல் நோபல் பரிசு கிடைத்தது. பதினைந்து ஆண்டுகள் ஏறத்தாழ உறங்கிக் கிடந்த கருத்து அது.

புள்ளியின் படமே லென்சு

இனித் தேர்வாளரின் கேள்விக்கு வருவோம். ஹோலோகிராம் எடுப்பதற்கு மிக எளிய பொருள் எது? ஒரே ஒரு புள்ளி. புள்ளியிலிருந்து கோள அலை புறப்படுகிறது. அதனுடன் ஒரு சமதள அலையைக் குறுக்கிடச் செய்தால், ஒரு மையத்தைச் சுற்றி வட்ட வட்டமான வரிகள் தோன்றும். மையத்தில் அகன்றும் விளிம்பை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்கியும் அவை அமைந்திருக்கும். இது நாம் ஒளியியல் பாடத்தில் படித்த பிரெனலின் மண்டலத் தகட்டைப் போன்றதே அல்லவா! இந்த ஒற்றுமையை ஜி. எல். ரோஜர்ஸ் 1950இலேயே எடுத்துக்காட்டினார்.

இத்தகட்டின்மேல் சமதள அலை விழுந்தால், பதிவின்போது இருந்த கோள அலை வெளிவரும். அதன் ஒரு பகுதி ஒரு புள்ளியை நோக்கிக் குவியும். இணைக்கதிர்களைப் புள்ளியில் குவிப்பது லென்சின் தொழில். எனவே புள்ளியின் ஹோலோகிராமே ஒரு லென்சு! 1967இல் ஷ்வார், பாண்டியா, வைன்பெர்க் என்ற மூவரும் புள்ளி ஹோலோகிராம்களை ஒளியியல் உறுப்புகளாகப் பயன்படுத்தலாம் என்று 'நேச்சர்' இதழில் எழுதினர்.

கண்ணாடி லென்சில், நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் உள்ள கண்ணாடி அலையின் ஒவ்வொரு பகுதியையும் வெவ்வேறு அளவு தாமதப்படுத்தி அலை முகப்பை வளைக்கிறது. ஹோலோகிராம் லென்சில், வரிகள் நெருங்கிய இடத்தில் ஒளி அதிகம் திரும்புகிறது, விலகிய இடத்தில் குறைவாகத் திரும்புகிறது. வளைவு கண்ணாடியில் இல்லை. வரிகளின் இடைவெளியில் இருக்கிறது. இரண்டு சமதள அலைகளைக் குறுக்கிடச் செய்தாலோ எல்லா வரிகளும் சம இடைவெளியில் அமையும். அதுதான் கீற்றணி. அன்று மேடைமேல் நான் பொருத்தியிருந்ததும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

வரிகள் எவ்வளவு நெருக்கமானவை என்று கணக்கிட்டுப் பார்ப்போம். ஹீலியம்-நியான் லேசரின் அலைநீளம் 632.8 நானோமீட்டர். இரு கற்றைகளுக்கும் இடையே 30 பாகைக் கோணம் இருந்தால், வரிகளின் இடைவெளி 1.22 மைக்ரோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 818 வரிகள். நம் ஆய்வுக்கூடக் கீற்றணியில் அங்குலத்துக்கு 15,000 கோடுகள், அதாவது மில்லிமீட்டருக்கு 590 கோடுகள் உள்ளன. பதிவு நடக்கும் நேரத்தில் இவ்வரிகள் தம் இடைவெளியில் ஒரு சிறு பின்னம் நகர்ந்தாலும் எல்லாம் கலைந்துவிடும். சாலையில் ஒரு லாரி போனால் போதும். ஆகவேதான் கனமான மேசைமேல் எல்லாவற்றையும் அமைக்கின்றனர். பொருள் வசதியில்லாத ஆர்வலர்கள் காற்றடைத்த டயர் ட்யூபுகளின்மேல் மணற்பெட்டியை வைத்து, அந்த மணலில் ஆடிகளை நட்டு ஹோலோகிராம் எடுத்திருக்கின்றனர்.

இருட்டறையில் ஒரு சோதனை

லேசர் மேசை நம்மிடம் இல்லை. ஆனால் மண்டலத் தகட்டைச் செய்ய அது தேவையில்லை. முதல் வட்டத்தின் ஆரம் 0.8 மில்லிமீட்டர், அடுத்தடுத்த வட்டங்களின் ஆரங்கள் அதன் 1.41, 1.73, 2, 2.24 மடங்கு என, எண்ணின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும். இவ்வாறு 20 வட்டங்களைக் கணினியில் வரைந்து, ஒன்றுவிட்டு ஒன்றைக் கறுப்பாக்கி, நகலகத்தில் ஒளிபுகும் தாளில் அச்சிட்டோம். மொத்த அகலம் 7 மில்லிமீட்டர்தான். விரல் நகத்தைவிடச் சிறியது.

இருட்டறையில் கைபேசியின் விளக்கை ஊசித்துளையிட்ட அட்டையால் மறைத்து, 2 மீட்டர் தள்ளித் தாளை நிறுத்தி, மறுபுறம் வெள்ளைத் தாளைத் திரையாகப் பிடித்தோம். ஏறத்தாழ 2 மீட்டரில் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி தோன்றியது. திரையைப் பின்னுக்கு நகர்த்தினோம். 3 மீட்டருக்கு அருகில் புள்ளி பச்சையாகியது. நீலத்தைக் காணச் சுவர்வரை போக வேண்டியிருந்தது. வளைவே இல்லாத தாள் ஒளியைக் குவித்ததைக் கண்டபோது, தேர்வில் நான் இழந்த மதிப்பெண்ணுக்கு வட்டியும் முதலுமாகக் கிடைத்துவிட்டதாக உணர்ந்தேன். அதே நேரத்தில் இந்த லென்சின் குறையும் கண்முன்னே தெரிந்துவிட்டது.

இரண்டு குறைகள்

முதற்குறை நிறப் பிறழ்ச்சி. இவ்வகை லென்சின் குவியத் தூரம் அலைநீளத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். 632.8 நானோமீட்டர் சிவப்பு ஒளிக்கு 1 மீட்டர் குவியத் தூரம் உடைய லென்சு, 488 நானோமீட்டர் நீல ஒளிக்கு 1.30 மீட்டர் உடையதாகிவிடும். சாதாரணக் கிரவுன் கண்ணாடி லென்சில் இந்த மாற்றம் 2 விழுக்காட்டைக்கூட எட்டாது. மேலும் கண்ணாடி நீலத்தை அதிகம் வளைக்கும்; ஹோலோகிராமோ சிவப்பை அதிகம் திருப்பும்.

இரண்டாவது குறை ஒளியிழப்பு. கருப்பு வெள்ளைப் பட்டைகளாக அமைந்த மெல்லிய ஹோலோகிராம், பட்டைகள் சைன் வடிவில் மாறுமானால், விழும் ஒளியில் 6.25 விழுக்காட்டையே பயன்படும் திசைக்கு அனுப்ப முடியும். நூறு ரூபாயில் ஆறு ரூபாயைத் திருப்பித் தரும் கடையில் யார் பணம் போடுவார்?

இதற்குத் தீர்வு தடிப்பில் கிடைத்தது. பட்டைகளைக் கறுப்பாக்காமல், பூச்சின் உள்ளே ஒளிவிலகல் எண் கூடியும் குறைந்தும் வரும் அடுக்குகளாக ஆக்கினால் ஒளி உறிஞ்சப்படுவதில்லை. பூச்சும் தடிப்பாக இருந்தால், ஒவ்வோர் அடுக்கும் சிறிது சிறிதாகத் திருப்பும் ஒளி பிராக் விதிப்படி ஒரே திசையில் கூடிவிடும். எக்ஸ் கதிர்களுக்காக நாம் படித்த அதே பிராக் விதிதான். இத்தகைய தடித்த ஹோலோகிராமின் திறன் 100 விழுக்காட்டை எட்டலாம் என்பதை 1969இல் ஹெர்விக் கோகெல்னிக் தம் கோட்பாட்டினால் நிறுவினார். அதற்கு ஏற்ற பொருளை 1968இலேயே ஷாங்காஃப் காட்டியிருந்தார். அது டைகுரோமேட் உப்பு ஏற்றிய ஜெலட்டின். விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்பட்டு, இனிப்புப் பண்டங்களில் சேர்க்கப்படும் அதே ஜெலட்டின்! ஈரம் பட்டால் பதிவு மங்கிவிடும் என்பதால் இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே வைத்து அடைத்துவிடுகின்றனர்.

தடித்த ஹோலோகிராமுக்கு மற்றொரு குணமும் உண்டு. பிராக் விதி நிறைவேறும் நிறத்தை மட்டும் அது திருப்பும். மற்ற நிறங்கள் கண்ணாடியைக் கடப்பதுபோல் கடந்து போய்விடும். நிறத்துக்கு நிறம் மாறுகிறதே என்று குறைகூறப்பட்ட ஹோலோகிராம், நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் கருவியாகிவிட்டது.

பயன்கள்

விமானியின் கண்முன்: போர் விமானி வேகம், உயரம் ஆகியவற்றைக் காணக் கீழே குனிந்தால், அந்த ஒரு நொடியில் விமானம் நூற்றுக்கணக்கான மீட்டர் கடந்துவிடும். ஆகவே அளவுகளை அவர் முன்னுள்ள கண்ணாடியிலேயே ஒளியெழுத்தாகக் காட்டுகின்றனர். பாதி வெள்ளி பூசிய ஆடியை வைத்தால் எழுத்தும் மங்கும், வெளியுலகமும் மங்கும். ஹோலோகிராம் பூச்சோ, திரைக்குழாய் உமிழும் சுமார் 545 நானோமீட்டர் பச்சை ஒளியை மட்டும் வலுவாக எதிரொளிக்கும். வெளியிலிருந்து வரும் மற்ற நிறங்களைத் தடையின்றி விடும். அந்தப் பூச்சில் அடுக்குகளின் இடைவெளி ஏறத்தாழ 180 நானோமீட்டர்தான். எழுத்துகள் வெகுதொலைவில் இருப்பவைபோல் தெரிவதால் விமானி கண்ணைத் தகவமைக்கவும் வேண்டுவதில்லை. 1980களில் எஃப்-16 போன்ற விமானங்களில் இம்முறை இடம்பெற்றது. இதே கருத்தைச் சிறிதாக்கிக் கண்ணாடிச் சட்டத்தில் பொருத்தி, எதிரே உள்ள காட்சியோடு எழுத்தையும் காட்டும் கண்ணாடிகளைச் செய்கின்றனர்.

கடையின் கல்லாவில்: பொருள்களின்மேல் உள்ள பட்டைக் குறியை லேசர் கொண்டு படிக்கும் முறை 1974இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. பொருளை எப்படித் திருப்பிப் பிடித்தாலும் குறியைப் படிக்க வேண்டுமானால் லேசர் கற்றை பல திசைகளில், பல தூரங்களில் ஓட வேண்டும். 1980இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கருவியில் ஒரு தட்டையான வட்டத் தகடு சுழன்றது. அதில் விசிறியின் இறக்கைகள்போல் பல ஹோலோகிராம்கள். ஒவ்வொன்றும் வேறு கோணமும் வேறு குவியத் தூரமும் உடைய லென்சு. கண்ணாடி லென்சுகளை இவ்வாறு சுழற்றினால் எடையே பெருந்தொல்லையாகும். லேசர் ஒரே நிறம் உடையது என்பதால் நிறப் பிறழ்ச்சிக்கு இங்கு வேலையே இல்லை.

விண்மீன்களின் ஒளியில்: கீற்றணியை முன்பெல்லாம் வைர முனையால் கோடு கோடாகக் கீறினர். கீறும் பொறியின் திருகில் சிறு பிழை இருந்தால் நிறமாலையில் இல்லாத வரிகள் பேய்போல் தோன்றும். லேசர் குறுக்கீட்டினால் எல்லா வரிகளையும் ஒரே சமயத்தில் பதியும் முறை 1960களின் இறுதியில் ஜெர்மனியிலும் பிரான்சிலும் வளர்ந்தபின் அப்பேய்கள் அகன்றன. 1998இல் அமெரிக்காவின் சாமுவேல் பார்டனும் உடன் உழைத்தவர்களும் ஜெலட்டின் தடிப்புக் கீற்றணிகளை வானியலுக்குப் பரிந்துரைத்தனர். அரிசோனாவின் கிட் பீக் மலையில் 4 மீட்டர் மேயால் தொலைநோக்கியில் உள்ள டெசி என்ற கருவி, 5,000 ஒளியிழைகள் வழியாக விண்மீன் மண்டலங்களின் ஒளியைப் பெற்று 10 நிறமாலைமானிகளுக்கு அனுப்புகிறது. அவற்றில் இத்தகைய கீற்றணிகளே நிறத்தைப் பிரிக்கின்றன. 2021இல் தொடங்கிய அந்த ஆய்வு பேரண்டம் விரிவடையும் வேகத்தை அளக்க முயல்கிறது. பல கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த ஒளி கடைசியில் ஒரு ஜெலட்டின் படலத்தின் வழியே நுழைகிறது!

ஆடியைச் சோதிக்க: 1990இல் விண்ணில் ஏவப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் ஆடி மிக நேர்த்தியாகத் தேய்க்கப்பட்டிருந்தது. ஆனால் தவறான வடிவத்துக்கு! விளிம்பில் சுமார் 2.2 மைக்ரோமீட்டர் பிழை. அதைச் சோதித்த ஒளியியல் அமைப்பில் ஒரு லென்சு 1.3 மில்லிமீட்டர் இடம் மாறியிருந்ததே காரணம். அளவுகோல் தவறினால் அளந்தவை யாவும் தவறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1993இல் விண்வெளி வீரர்கள் சென்று திருத்தினர்.

கோள வடிவில் அமையாத ஆடிகளைச் சோதிக்க ஹோலோகிராம் வேறொரு வழியைத் தருகிறது. 1966 முதல் லோமன் முதலியோர் கணினியினால் ஹோலோகிராமைக் கணக்கிட்டு வரையலாம் என்று காட்டி வந்தனர். அதாவது, உலகில் இன்னும் செய்யப்படாத ஒரு பொருளின் அலையையும் எழுதிவிடலாம். செய்யவிருக்கும் ஆடி எந்த வடிவத்தில் இருக்க வேண்டுமோ, அதற்குச் சரியாகப் பொருந்தும் அலை முகப்பைத் தரும் வரிகளைக் கணக்கிட்டுக் கண்ணாடித் தகட்டில் வரைகின்றனர். அந்த அலை ஆடியில் பட்டு மாறாமல் திரும்பினால் ஆடி சரி. மாறினால் குறுக்கீட்டு வரிகள் பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும். தகட்டைச் சரியான இடத்தில் நிறுத்த உதவும் குறிகளையும் அதே தகட்டிலேயே வரைந்துவிடலாம். 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 18 அறுகோண ஆடிகளைச் சோதிக்க இத்தகைய ஹோலோகிராம்கள் பயன்பட்டன.

லென்சின் துணைவன்: ஹோலோகிராமும் அதன் உறவினரான விளிம்பு விளைவு லென்சுகளும் நிறங்களைக் கண்ணாடிக்கு நேர்மாறாகப் பிரிப்பதால், இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒன்றின் பிழையை மற்றொன்று அடித்துவிடும். 2001இல் கெனான் நிறுவனம் இம்முறையில் தொலைப்பட லென்சு ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இருட்டறையில் நாங்கள் சுவர்வரை துரத்திய நீலப் புள்ளிதான் அங்கே மருந்தாகிவிட்டது.

முடிவாக

இதனால் கண்ணாடி லென்சுக்குக் காலம் முடிந்துவிட்டது என்று எவரும் கருத வேண்டாம். வெள்ளொளியில் காட்சியைக் காட்ட இன்றும் கண்ணாடியே சிறந்தது. பதிவு செய்த நிறத்துக்கும் கோணத்துக்கும் விலகிய இடத்தில் ஹோலோகிராம் தடுமாறும். பூச்சு கழுவும்போது சற்றே உப்பினாலும் சுருங்கினாலும் அதன் நிறம் மாறிப்போகும். ஆனால் ஒரே நிறம், குறைந்த எடை, ஒரே தகட்டில் பல வேலை, எவரும் தேய்த்துச் செய்ய முடியாத வடிவம் என்று வந்தால் அதற்கு இணை அரிது.

நுண்ணோக்கியைச் செம்மைப்படுத்தப் பிறந்த கருத்து அந்த நோக்கத்தில் உடனே வெற்றி பெறவில்லை. பதினைந்து ஆண்டுகள் லேசருக்காகக் காத்திருந்தது. பின் படம் காட்டியது. இப்போது படம் பார்க்க உதவும் கருவியாக உழைக்கிறது. குறை என்று எண்ணியதை விட்டுவிடாமல், இது எங்கே பயன்படும் என்று கேட்டவர்களால்தான் இது நடந்தது.

அந்தத் தேர்வாளரை மீண்டும் சந்திக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்குமோ, என்னவோ. கிடைத்தால், "முடியும், ஐயா, வரிகளைச் சரியாக எழுதத் தெரிந்தால் முடியும்" என்பேன். முதலாம் ஆண்டுத் தோழர்களுக்கு ஒரு சொல்: அடுத்த முறை கீற்றணியைக் கையில் எடுக்கும்போது, பதிவேட்டில் அளவுகளைக் குறிப்பதற்கு முன் அதை ஒரு கணம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பரப்பில் விரல் படாமல் விளிம்பைப் பிடியுங்கள்.